முன்னூற்று ஏழு லட்டு

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவனிடம் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், எண்ணுகிற வேலையை மட்டும் கொடுக்கக்கூடாது. என் அக்காவின் நிச்சயதார்த்தம் நின்றுபோகப் பார்த்தது அதனால்தான்.

நான் அப்போது கம்பஸில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். (குருவிட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை வருமா என்றுகூட என்னிடம்தான் கேட்பார்கள்.) மாப்பிள்ளை வீட்டார் பலாங்கொடைக்குக் கொண்டுபோக அப்பா முன்னூற்று ஒரு லட்டு சொல்லியிருந்தார்.

“அது ஏழால வகுபடும்ப்பா. கல்யாண விசயத்துல ஆகாது. முதன்மை எண்ணா வைக்கணும். அத யாராலயும் பிரிக்க முடியாது.”

‘பிரிக்க முடியாது’ என்றதும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஆறு லட்டு சொன்னோம். முன்னூற்று ஏழு. (இதுவரை கண்டுபிடித்த மிகப் பெரிய முதன்மை எண்ணை எழுதினாலே கோடிக்கணக்கான இலக்கம் வரும். அத்தனை லட்டுக்குச் சபரகமுவவில் சீனி கிடையாது என்பதால் விட்டேன்.)

தட்டு மாற்றும் நேரம். மாப்பிள்ளையின் அம்மா லட்டுக் கூடையைப் பார்த்தார்.

“எங்க தோட்டத்துல ஏழு லயம், ஏழு வரிசை வீடு. லயத்துக்குச் சமமா போகணும். போன திருவிழாவுல ஒரு தேங்கா மிஞ்சி, ரெண்டு லயம் இன்னும் பேசிக்கிறதில்ல. தம்பி படிச்ச புள்ள, நீங்களே பங்கு சொல்லுங்க.”

நான் பெருமையோடு எழுந்தேன்.

“இத பங்கு போட முடியாது அத்தை. அதுதான் இதோட சிறப்பு.”

“அப்ப எப்படித்தான் திங்கிறது?”

“ஒருத்தரே முழுசா திங்கணும். இல்லாட்டி முன்னூத்தி ஏழு பேரு ஆளுக்கொன்னு.”

அவர் வெற்றிலைத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “சரிதான். எங்க லயத்துக்குள்ள சண்ட மூட்டத்தான் சம்பந்தமா?”

அப்பா என்னைப் பார்த்தார். பதினைந்து வருடப் படிப்புச் செலவும் சேர்ந்து பார்த்தது.

“முன்னூத்தி ஒன்னா இருந்திருந்தா,” என்றேன், லட்டுக் கூடையைப் பார்த்துக்கொண்டு, “லயத்துக்கு நாப்பத்தி மூணு. சரியா வந்திருக்கும்.”

திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “அப்ப அந்த ஆற அவனே திங்கட்டும்.”

சபை நடுவில் உட்கார்ந்து தின்றேன். மூன்றாவதில் மாப்பிள்ளை தண்ணீர் நகர்த்தினார். ஐந்தாவதில் அவருடைய அம்மாவுக்கே மனம் இளகி, “மெதுவா தின்னுப்பா” என்றார். ஆறாவது இறங்கியதும் தட்டு மாற்றினார்கள். எண்ணைப் பிரிக்க முடியாததாக்கிய ஆறையும் வயிற்றுக்குள் தள்ளி, வகுபடும் எண்ணில் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம்.

இந்த வருடம் அவர்களுடைய ஏழாவது கல்யாண நாள். மச்சான் காலையிலேயே போன் எடுத்தார்.

“மச்சான், இன்னைக்கு ஏழு. நாங்க வகுபடுவமா?”

பின்னால் அக்கா சொல்வது கேட்டது. “முன்னூத்தி ஒன்னு ஏழ விட்டா நாப்பத்தி மூணாலதான் வகுபடுமாம், அடுத்த கண்டம் அப்பதான். அதுக்குள்ள நீங்க போயி தேங்கா வாங்கிட்டு வாங்க.”