ஆய்வுக்கூடத்தில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

வல்லம் வடகால்,
16.10.2013

பெருமதிப்பிற்குரிய ஆய்வுக்கூடத் தலைவர் ரகுபதி ஐயா அவர்களுக்கு,

தங்களிடம் வேலை பார்க்கும் இசக்கிசெல்வியின் தகப்பன் தளவாய் வணங்கி எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமில்லை.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தாரும் வரலாம் என்று தாங்கள் பெரிய மனதோடு சொன்னதால் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். மகள் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னாள். கண்ணுக்கே தெரியாத நானோ துகளாம், புற்றுநோய் செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளுமாம், விளக்கடித்தால் அந்தச் செல் மட்டும் பச்சையாக மின்னுமாம். பார்த்தேன் ஐயா, செல் வைத்திருந்த தட்டு முழுக்க மின்னியது. எனக்கு அது தப்பாகப் பட்டது. ஏனென்றால் நான் ஒரகடத்தில் கார் ஏசிக் குழாய்களில் கசிவு பார்ப்பவன். உள்ளே சாயம் விட்டு ஊதா விளக்கடிப்போம், எங்கேயாவது மின்னினால் அது ஓட்டைக் குழாய், உடனே சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஏழு வருஷப் பழக்கம், ஸ்டிக்கர் சுருள் எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும். மகளைத் தீபாராதனைக்குக் கூப்பிட்டார்கள், அவள் போன நேரம் என் கை அது பாட்டுக்கு அந்தத் தட்டில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டது. சுத்தம் செய்யும் பாஞ்சாலி அம்மா வந்து, "இன்னா சார், இது வேஸ்ட்டா?" என்று கேட்டார். "ஆமாம்மா, ரிஜெக்ட்" என்று சூப்பர்வைசர் மாதிரி சொல்லித் தொலைத்தேன். அவர் தட்டைக் கழிவுப் பையில் போட்டுக் கொண்டுபோய்விட்டார். அவர்மேல் துளியும் குற்றமில்லை.

அன்று முதல் மகள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவுமில்லை. நேற்று குளியலறையில் அழுத சத்தம் கேட்டது. அவள் அம்மாவுக்கு நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எட்டு மாதம் ஆனது ஐயா, அதற்காகவே இந்தப் படிப்புக்கு வந்தவள். அவளை வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள். தண்டனையை எனக்குக் கொடுங்கள். ஆறு மாதம் ஞாயிறுதோறும் வந்து கூடத்தைக் கூட்டித் துடைக்கிறேன். சட்டைப் பையைச் சோதித்துவிட்டு உள்ளே விடுங்கள்.

தங்கள் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,
தளவாய்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் மகள் இதைப் படித்துவிட்டாள். "யப்பா, அந்தத் தட்டு காலையிலயே தோத்துப்போச்சு. நல்ல செல்லுலயும் ஒட்டிக்கிட்டு எல்லாமே மின்னிச்சு. நீங்க போடலன்னா நானே தூக்கிப் போட்டுருப்பேன். புதுச்சட்டை போட்டுட்டு வந்திருந்திய, சொல்ல மனசு வரல" என்றாள். அப்படியானால் எதற்கு அழுதாய் என்றேன். "நாலாவது தடவையும் வரலியேன்னுதான்" என்றாள். ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பு, கூட்டித் துடைப்பது எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னாள். அவளுக்குத் தெரியாமல்தான் அனுப்புகிறேன். உங்களிடம் வந்து "சரியா வரல சார்" என்று மட்டும்தான் சொல்வாள், அழுததைச் சொல்லமாட்டாள்.