பிளசரும் மண்ணூர் வண்டியின் ஒடுக்கும்

உலகத்திலுள்ள கார்களெல்லாம் தன் மாடலுக்குத்தான் கட்டுப்பட வேண்டும் என்று நம்பிய ஒரே மனிதன் பிளசர். தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் என்னோடு ஸ்ப்ரே கன் பிடித்தவன். அவனுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும்.

மெட்ராஸ் நடைபாதையில் உள்ளங்கை அளவு இரும்புப் பொம்மைக் கார்களாக வாங்கி வருவான். தின்னரில் ஊறப்போட்டுப் பெயின்டை உரிப்பான். அரத்தால் ராவி, மேலே கம்பியில் கேரியர் கட்டி, எங்கள் பக்கத்தில் 'பிளசர்' என்று சொல்லும் பழைய வாடகைக் கார்களாக மாற்றிவிடுவான்; பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். மொத்தம் முப்பத்தொரு வண்டி. ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகள் நாலு பேர் என்பதால், எல்லாம் பெயின்ட் ஷாப் ஷெல்ஃபில் நின்றன. யாராவது தொட்டால், "கை வெக்காத பா, டிராபிக் கீது" என்பான்.

புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். ஷெல்ஃபைப் பார்த்தார்.

"இன்னாயா இது, கம்பெனியா, கொலு வெக்கிற எடமா? அள்ளிக் குப்பைல போடு."

"பொம்மை இல்ல சார். இத பாருங்க, மண்ணூர் ஏகாம்பரம் வண்டி. அச்சு அசல். ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தா நானே குப்பைல போட்டுடறேன்."

"சரி. ஆயுத பூஜைக்கு அந்த வண்டிய இங்க வரச்சொல்லு. பக்கத்துல வெச்சுப் பாப்போம். வித்தியாசம் இருந்தா முப்பத்தொண்ணும் குப்பைக்கு. இல்லன்னா ஷெல்ஃப் உனக்கு."

ஏகாம்பரத்தின் வாடகைக் காரில்தான் அந்த வட்டாரத்துக் கல்யாணப் பெண்களில் பாதிப் பேர் புகுந்த வீடு போனார்கள். டிரைவர் பக்கக் கதவில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஓர் ஒடுக்கு. அதை மட்டும் அளந்துவர பிளசர் முன்பே நாலு ஞாயிற்றுக்கிழமை வெர்னியர் அளவுகோலோடு மண்ணூர் போயிருந்தான். "பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்மாம் நேரம் பாக்கல பா" என்றாராம் ஏகாம்பரம். குட்டிக் கதவில் அதே ஒடுக்கை அரத்தால் குடைந்தே கொண்டுவந்திருந்தான்.

ஆயுத பூஜை வந்தது. வாழைக்கன்று கட்டி, சந்தனம் தடவி, ஹாரன் அடித்துக்கொண்டு வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. கதவில் முகம் பார்க்கலாம். அவ்வளவு வழவழப்பு.

ஏகாம்பரம் மீசையைத் தடவிக்கொண்டார். "பூஜையாச்சே, நேத்துதான் டிங்கரிங் பண்ணி ஒடுக்க எடுத்தேன். எப்டி கீது?"

சூப்பர்வைசர் மாடலின் ஒடுக்கில் விரலை வைத்து, "வித்தியாசம்" என்றார். காலாலேயே குப்பைத் தொட்டியை இழுத்தார்.

வேறு யாராக இருந்தாலும் கெஞ்சியிருப்பார்கள். பிளசர், பூஜைக்குப் பொட்டு வைத்து அடுக்கியிருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனான்.

"தள்ளு அண்ணே. ரெண்டே தட்டு."

"யோவ், இன்னா பண்றே?" ஏகாம்பரம் கதவின் மேல் பல்லிபோல ஒட்டிக்கொண்டார்.

"தப்பு உன் வண்டில கீது. சரி பண்ணித் தரேன்."

நான் பிளசரின் இடுப்பைப் பிடித்து இழுக்க, அவன் ஏகாம்பரத்தை இழுக்க, வாழைக்கன்று ஒன்று சாய்ந்தது.

"அப்டி இன்னாதான்யா பண்ணி வெச்சிருக்கே, காட்டு" என்று ஏகாம்பரம் மாடலை வாங்கினார். சுண்டுவிரலால் ஒடுக்கைத் தடவினார். இன்னொரு தரம் தடவினார்.

"எருமை இடிச்சுது. உள்ள மாப்ள தூங்கிகினு இருந்தாரு, எழுந்திருக்கல" என்றார். பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "சார், பன்னெண்டு வருசமா நான் ஓட்டுன வண்டி இதான். அங்க நிக்கிறது நேத்து வந்தது."

சூப்பர்வைசர் அவரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். காலாலேயே அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். "ஷெல்ஃபுக்கும் ஒரு பொட்டு வைங்கப்பா" என்றார்.

பொரி கடலை கொடுத்தார்கள். ஜெயித்ததே பிளசருக்கு உறைக்கவில்லை. அந்த வழவழக் கதவை, துக்க வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மண்ணூர்ல எருமைங்க இன்னும் கீதா பா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கீது, சாப்பிடு" என்று என் பங்குப் பொரியையும் அவன் கையில் கொட்டினேன்.