கரடி தகட்டு பூட்ஸ் வாங்கிய கதை

ஒரு காட்டில் ஒரு வயதான கரடி இருந்தது. யாரோ ஒரு கரடி என்று நினைக்க வேண்டாம். நான்தான்.

ஸ்காட்லாந்து என்ற குளிர்தேசத்தில் ஆண்கள் கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு முழு மரத்தைத் தூக்கி எறிந்து விளையாடுகிறார்கள் என்று, வலசை வந்த வாத்து ஒன்று எங்களிடம் சொன்னது. வாத்துக்கு என்ன, சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது. நாங்கள் கட்டம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டோம். மரத்தைச் செங்குத்தாக ஏந்தி ஓடி, அது தலைகீழாகப் புரண்டு நேராக விழும்படி எறிய வேண்டும். ஒன்பது வருடம் நான்தான் முதல். ஆற்றங்கரைப் பாறையில் என் பெயரைச் செதுக்கியிருந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த மூன்று எழுத்தைத் தினமும் போய்த் தடவிப் பார்ப்பேன்.

போன வருடம் மழை. ஈரப் புல்லில் வழுக்கி மரத்தோடு விழுந்தேன். காட்டெருமை கொம்பையா ஜெயித்தான். அதைக்கூட மன்னித்திருப்பேன். எல்லோரும் பார்க்க அவன் என்னைத் தூக்கி நிறுத்தி, அவிழ்ந்த லுங்கியையும் கட்டிவிட்டான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

இந்த வருடமும் தோற்றால் பாறையில் என் பெயரை அழித்துவிட்டு, என்னை மூத்தோர் பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பிரிவில் இப்போது இருப்பது ஓர் ஆமை மட்டும். அது எறிவது தேங்காய்.

யோசித்துப் பார்த்தேன். போன வருடம் விழுந்ததற்குக் காரணம் ரப்பர் செருப்பு என்று தெரிந்தது. வயதாக இருக்கும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

முள்ளம்பன்றியின் கடைக்குப் போனேன். அது மூன்று ஜோடியை எடுத்து வைத்தது. சுழன்று எறிபவருக்கு வழவழப்பான அடி. மரத்தோடு ஓடுபவருக்குக் குமிழ் வைத்த அடி. மூன்றாவது, சம்மட்டி எறிபவருக்கு. அவர் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது என்பதால் பூட்ஸின் மூக்கில் இரும்புத் தகடு. அது மண்ணில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

"உங்களுக்குக் குமிழ் வச்சது குடுக்கச் சொல்லி கொம்பையா சொல்லிட்டுப் போனாரு. இல்லேன்னா வெறுங்காலே போதுமாம், நகம் இருக்கேன்னாரு."

"அப்ப தகட்டை எடு. இருக்கறதுலயே நீளமானது."

மரத்துக்கு அது ஆகாது என்றது முள்ளம்பன்றி. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து மரம் எறிகிறவன் நான் என்று அதன் வாயை அடைத்தேன்.

அடுத்து வரிசை. காலில் எதைப் போட்டு எறியப் போகிறோம் என்று போட்டிக்கு முன்பே பதிய வேண்டிய காலணிப் படிவம் வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. மேசையில் உடும்பு இருந்தது. படித்துக் காட்டச் சொல்ல எனக்கு வெட்கம். எல்லாம் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டி ரேகை வைத்தேன்.

போட்டி நாள் வந்தது. ஆளுக்கு மூன்று எறி. முதல் எறிக்கு மரத்தை ஏந்தி ஓடினேன். ஐந்தாவது எட்டில் தகடு மண்ணில் இறங்கியது. பூட்ஸ் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. இரண்டாவது எறிக்குக் மண்ணிலிருந்து காலைப் பிடுங்குவதற்குள்ளேயே நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள். கூட்டத்தில் குரங்குகள், கரடி முளைத்துவிட்டது, தண்ணீர் ஊற்றுங்கள் என்றன.

கொம்பையா என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, கோவத்தைச் சாயங்காலம் வச்சுக்கலாம். அந்தக் கருமத்தைக் கழட்டிட்டு நகத்தை ஊனி ஓடுங்க."

அவன் சொல்லிக் கேட்பதா என்று இருந்தது. பாறையிலிருக்கும் மூன்று எழுத்தை நினைத்தேன். கழற்றினேன். ஓடினேன். மரம் எழும்பி, தலைகீழாகப் புரண்டு, நூல் பிடித்தது போல நேராக விழுந்தது. கொம்பையாவின் எறி அவ்வளவு நேரில்லை. காடே கை தட்டியது.

உடும்பு படிவத்தோடு வந்தது.

"தகட்டு பூட்ஸைத் தவிர மண்ணைக் கவ்வுற எதுவும் கால்ல இருக்காதுன்னு ரேகை வச்சிருக்கீங்க. இப்ப பத்து நகம் இருக்கு. எதுக்கும் பதிவு இல்லை."

"அது பொறந்ததுல இருந்தே இருக்குய்யா."

"அப்பவே பதிஞ்சிருக்கணும்."

என் எறி செல்லாது, கொம்பையா ஜெயித்தான் என்று அறிவித்தார்கள். அவன் சிரிப்பான், நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல ஒன்று கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவன் போய் உடும்பின் மேசையை முட்டிக் கவிழ்த்தான். ஜெயித்தது கரடியண்ணன்தான் என்று பொழுது சாயும்வரை கத்தினான். உடும்பு பிடித்த பிடியை விடவில்லை. பாறையில் என் பெயரை அழித்தார்கள். தன் பெயரைச் செதுக்கக் கூடாது என்று கொம்பையா சொல்லிவிட்டான்.

ஒரு வருடம் தீனி போட்டு வளர்த்த பகை ஒரே நாளில் இளைத்துவிட்டது. மறுநாள் காலையில் தேனடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் குகைக்கு வந்தான். நான் உள்ளேயே படுத்துத் தூங்குவது போல நடித்தேன். வாசலில் வைத்துவிட்டுப் போனான். நல்ல தேன். அதுதான் தாங்க முடியவில்லை.

நீதி: காலுக்குச் சேராத பூட்ஸைக் கழற்றி எறிந்துவிடலாம். நல்லவனாகப் போய்விட்ட பகைவனை என்ன செய்வது? ஆகவே, பகைவனைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும்.