பத்து மணி நேரத்தில் கடல்மேல் நிற்பது குறித்து

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. இடது முழங்கால் சம்மதிக்கவில்லை. உங்கள் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், உன் அக்கா மட்டும் அங்கிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

அவள் உன்னிடம் என்னென்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது. என் தரப்பையும் கேள். ஓய்வு பெற்ற பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பால்காரர் தாமதமாக வந்தால் விளக்கம் கேட்டேன், குக்கர் விசிலுக்கு இடைவெளி பார்த்துச் சொன்னேன். பேருந்து டிப்போவில் காலமெல்லாம் டைம் கீப்பராக இருந்தவன் வேறென்ன செய்வான்? "கொஞ்சம் கடற்கரைப் பக்கம் போயிட்டு வாங்களேன்" என்றவள் அவள்தான். போன இடத்தில் கைட் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கிறார்கள். அதாவது, ஒரு ராட்சசப் பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலடியில் பலகையோடு, காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர்மேல் சறுக்கிப் போவது. பழக எவ்வளவு நேரமாகும் என்று பயிற்சியாளரைக் கேட்டேன். "பத்து மணி நேரம் போதும் சார், பலகைல எழுந்து நின்னுடலாம்" என்றார். தினம் இரண்டு மணி நேரம் வீதம், திங்கள் ஏறினால் வெள்ளி இறங்கலாம். சனிக்கிழமை உன் அக்காவோடு மலைக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டேன். வேலையில் இருந்தவரை நான் தள்ளித் தள்ளிப் போட்ட பயணம் அது.

காற்று டிப்போவில் வேலை பார்த்ததில்லை என்பதை நான் யோசிக்கவில்லை மச்சான். திங்களன்று காற்றே இல்லை. மறுநாள் அளவுக்கு மீறி அடிக்கிறது என்றார்கள். புதனன்று கரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கிறது, போனால் திரும்ப முடியாது என்றார்கள். நான் மட்டும் தினமும் நேரத்துக்கு ஆஜர். "காத்திருந்ததெல்லாம் கணக்குல வராது சார்" என்றுவிட்டார் பயிற்சியாளர். வியாழனன்று ஒருவழியாகப் பட்டம் விரிந்தது. உதவியாளர் அதைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றார். பயிற்சியாளர் விதிகளையெல்லாம் விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா சார்?" என்றார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். உனக்கே தெரியும், வண்டி கிளம்பலாம் என்பதற்கும், சாப்பாடு போதும் என்பதற்கும், கதவைப் பூட்டியாயிற்று என்பதற்கும் எனக்குக் கட்டைவிரல்தான். அங்கே கட்டைவிரல் என்றால் பட்டத்தை விடு என்று அர்த்தமாம். அதுதான் முதல் விதியாம். உதவியாளர் விட்டார், நான் கிளம்பினேன். மணலில் கொஞ்சம், ஒரு குடும்பத்தின் குடைக்கடியில் கொஞ்சம், மீதி அலைக்குள். பயிற்சியாளர் ஓடிவந்து தூக்கிவிட்டு, "இதை வேணா கணக்குல சேர்த்துக்கலாம்" என்றார்.

அப்புறம் பலகையே இல்லாமல் வயிற்றால் கடலை உழும் பாடம். அதன்பின் பலகையில் எழுவதும் விழுவதும், பெரும்பாலும் விழுவதும். டிக்கெட்டை அடுத்த சனிக்கு மாற்றினேன், பிறகு அதற்கடுத்த சனிக்கு. உன் அக்கா சண்டையே போடவில்லை. "நீங்க கத்து முடிச்சுட்டுச் சொல்லி அனுப்புங்க, நான் தம்பி வீட்ல இருக்கேன்" என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குக்கர் விசிலடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பட்டமும் வேண்டாம், பலகையும் வேண்டாம். நாளைக் காலை போய்ப் பெயரை அடித்துவிடச் சொல்லப்போகிறேன். மலைக்கு என்றைக்கு என்று அவளே சொல்லட்டும். நீ பக்குவமாகப் பேசி அனுப்பி வை.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களைத் தண்ணீர்ப் பக்கம் விட வேண்டாம்.

இப்படிக்கு,
முழங்கால் கட்டுடன்,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று காலை பெயரை அடிக்கப் போன இடத்தில் உன் அக்கா நிற்கிறாள். உன் வீட்டிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்து பயிற்சியாளரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். சமாதானப்படுத்த அவர் ஒரு சின்னப் பட்டத்தை அவள் கையில் கொடுத்தார். நான் வாரக்கணக்கில் மல்லுக்கட்டியும் என்னிடம் நிற்காத பட்டம் அவள் தலைக்குமேல் ஆடாமல் அசையாமல் நின்றது. "இவரையே இத்தனை வருஷம் இழுத்துப் பிடிச்சிருக்கேன், இது என்னங்க பெரிய விஷயம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்கு மீதமிருந்த மணி நேரங்களை அவள் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். மலைக்கு எப்போது என்று கேட்டேன். "முதல்ல இதை முடிச்சுக்கறேன். நீங்க கரையில நின்னு நேரம் சொன்னா பட்டம் ஆடுது. கொஞ்ச நாள் தம்பி வீட்ல இருங்களேன்" என்கிறாள். அவள் தங்கியிருந்த அறையைக் கலைக்க வேண்டாம், மாலைப் பேருந்தில் வருகிறேன். எத்தனை நாள் என்று மட்டும் கேட்டுவிடாதே. அது காற்றின் கையில் இருக்கிறது.