ஒரு தடவை ஊதினால் சுகம்

காரணமே இல்லாமல் ஒருவர் உங்களிடம் அன்பாகப் பேசுகிறார் என்றால், காரணம் இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் அர்த்தம். கலியாணம் ஆகும்வரை நான் இந்த நம்பிக்கையோடுதான் வாழ்ந்தேன். என்னைக் குறை சொல்லியும் பயனில்லை. கண்டி டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எதிரே பலகையில் இருக்கும் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல், "தெரியுது, நல்லாத் தெரியுது" என்று அடித்துவிடுகிற ஆட்களை நாள் முழுக்கப் பார்ப்பவனுக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்?

ஆகவே யோகராணி எனக்குப் போன் எடுத்துப் பேசியபோதே எனக்குப் பொறி தட்டியது. யோகராணி, நாவலப்பிட்டியில் டீச்சர். எங்கள் இருவருக்கும் ஜாதகம் பொருந்தியிருந்தது. அவள் படத்தைப் பார்த்த அன்றே நான் மனதுக்குள் தாலியும் கட்டி, முதல் பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிட்டேன். அவள் சரி சொல்வதுதான் பாக்கி.

"நாங்க கொஞ்சப் பேர் மலையேறுற கிளப் ஒண்ணு வச்சிருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமை போறோம். நீங்களும் வாங்களேன், சும்மா" என்றாள்.

சும்மாவா! இந்த உலகத்தில் யாராவது யாரையாவது சும்மா கூப்பிட்டிருக்கிறார்களா? இது மாப்பிள்ளை பார்க்கும் படலம், மலை என்பது வெறும் சாக்கு என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். மஹய்யாவையில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அதே சந்தேகம்தான் (எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?).

"பொண்ணு வீட்டு ஆளுங்க முன்னுக்கு வெறுங்கையோட போய் நிப்பியா?" என்று கேட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் ஒரு பெட்டி லட்டையும் பையில் திணித்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். பெரியம்மா மகனிடம் பளபளவென்று ஒரு சப்பாத்து இரவல் வாங்கிக் காலில் போட்டுக்கொண்டேன். அளவு கொஞ்சம் பெரிது, ஆனால் மரியாதையாக இருந்தது.

நாவலப்பிட்டி ஸ்டேஷனில் பத்துப் பேர் நின்றார்கள். யோகராணி தொப்பி போட்டு, தோளில் ஒரு சுருள் கயிற்றை மாட்டியிருந்தாள். அவளுடைய பார்வை என் சப்பாத்தில் தொடங்கி, சட்டைக்கு ஏறி, பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்த வாழைப்பழத்தில் வந்து நின்றது.

"வாங்க" என்றாள்.

கிளப்பின் தலைவர் ரிஸ்வான் நானா, எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. கெலிஓயாவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், ஆறடி உயரம். வந்ததும் வராததுமாக என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பிக்கு மூச்சு இழுப்பு ஏதும் இரிக்கா?"

"இல்ல."

"முழங்கால் நோவு? மருந்து, குளிசை ஏதும் பாவிக்கிறீங்களா? உயரத்துல நிண்டா தல சுத்துமா?"

"இல்ல, இல்ல, இல்லவே இல்ல."

பெண் வீட்டார் ஆள் வைத்து விசாரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் இப்படி நேருக்கு நேர் விசாரிப்பார்கள் என்று நினைக்கவில்லை. உண்மையில் எனக்கு அவர் கேட்ட எல்லாமே உண்டு. கடையின் மேல்மாடிக்கு ஏறினாலே சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற ஆள் நான். அதையெல்லாம் பெண் வீட்டு ஒற்றரிடம் சொல்ல நான் என்ன மடையனா?

அட்டை ஏறாமலிருக்க எல்லோரும் காலில் சவர்க்காரம் பூசினார்கள். பிறகு நானா ஆளுக்கொரு விசில் கொடுத்தார்.

"ஒரு தரம் ஊதினா, நான் சுகம். மூணு தரம் ஊதினா, ஒதவி வேணும். மேல ஒரு எடத்துல மண்ணு சரிஞ்சிரிக்கு. அதுல ஒவ்வொராளாத்தான் தாண்டணும். பேக் வாரெல்லாம் கழட்டிக்கோங்க, விழுந்தா பேக்க விட்டுடணும். நடுவுல நிக்கவே படாது. ஒராள் தாண்டக்குள்ள மத்த எல்லாரும் கண்ண எடுக்காம அவரயே பாக்கணும். மண்ணு வந்தா, கடைசியா எங்க நிண்டார்னு தெரியணும்."

எல்லோரும் கண்ணை எடுக்காமல் ஒருவனையே பார்ப்பதா? இதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயரே வேறு. மண்சரிவாம், விசிலாம்! எவ்வளவு அழகாகக் கதை கட்டியிருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

தேயிலை முடிந்து, காடு முடிந்து, அந்த இடம் வந்தது. மலையின் தோலை மேலிருந்து கீழ்வரை உரித்துவிட்டது போல ஒரே சிவப்பு மண். முதல் நாள் மழையில் ஈரமாக இருந்தது. நானா வானத்தைப் பார்த்தார், மண்ணை மிதித்துப் பார்த்தார், பிறகு ஒவ்வொருவராக அனுப்பினார். யோகராணி ஆட்டுக்குட்டி மாதிரித் தாண்டிப் போய், அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை ஊதினாள். அடுத்தது நான்.

பாதி தூரம் போயிருப்பேன். அத்தனை கண்ணும் என் மேல். கீழே பார்த்தேன், தலை கிறுகிறுத்தது. நடை தள்ளாடினால் "பையனுக்கு நடை சரியில்லை" என்று சாயந்தரமே பெண் வீட்டுக்குச் செய்தி போய்விடும். ஆகவே நிற்கக்கூடாது என்று சொன்ன இடத்தில் நின்றேன். காலரைச் சரிசெய்தேன். எல்லோரையும் பார்த்து, ஸ்டூடியோவில் படம் பிடிக்கிறவன் முன்னால் சிரிப்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

சிரிப்பு முடிவதற்குள் சப்பாத்து வழுக்கியது.

பை ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கீழே ஒரு சேற்றுக் குழியில் இடுப்புவரை புதைந்து நின்றேன். மேலேயிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்தன. கழுத்தில் விசில் தொங்கியது. மூன்று தடவை ஊதினால் சம்பந்தம் முறிந்தது என்று எனக்குப் பட்டது.

ஒரு தடவை ஊதினேன்.

மேலே "சுகமாம்" என்றது ஒரு குரல், நம்பாமல்.

"ஏங்க, இடுப்பு வரைக்கும் சேத்துல நிக்கிறீங்களே!" என்று யோகராணி கத்தினாள்.

நான் மறுபடியும் கம்பீரமாக ஒரு தடவை ஊதினேன். தேங்காய் அளவு கல் ஒன்று என் காதோரமாகப் போனது.

அவள் கயிற்றை மரத்தில் கட்டி, சரிவின் ஓரமாகவே இறங்கி, பேச்சுக் கேட்கும் தூரத்துக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"வழுக்கி விழுந்தது பரவாயில்ல, நானும் விழுந்திருக்கேன். ஆனா நீங்க சுகம்னு ஊதினா நாங்க நம்பணும், நம்பித் திரும்பிப் போயிருவோம். நாளைக்கு வீட்லயும் இப்படித்தான் ஊதுவீங்களா? இப்படி ஒரு ஆளோட நான் எப்படிங்க வாழுறது?"

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. மண்ணுக்கு அல்ல. பெயர் வைத்த பிள்ளை வரைக்கும் எல்லாம் கையைவிட்டுப் போகிறது என்று புரிந்தது.

மூன்று தடவை ஊதினேன். மறுபடியும் மூன்று. கயிறு கைக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை.

"போதும் தம்பி, வெளங்கிட்டு!" என்று நானா மேலிருந்து கத்தினார்.

இழுத்து எடுக்கும்போதே இழுப்பு, முழங்கால், தலைசுற்று, சப்பாத்து இரவல் என்று கேட்காததையும் சேர்த்து ஒப்புவித்துவிட்டேன். சப்பாத்து இரண்டும் இன்றைக்கும் அந்தக் குழிக்குள்தான் இருக்கின்றன. பெரியம்மா மகன் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான்.

நானா அதோடு பயணத்தை நிறுத்தி எல்லோரையும் திருப்பிக் கூட்டி வந்தார். கீழே தேத்தண்ணிக் கடையில், பையோடு மீட்டு வந்த, நசுங்கிப்போன லட்டை மென்றுகொண்டே அவர் கேட்டார்: "அது சரி, தம்பி யாரு? யோகராணி டீச்சர்ட சொந்தக்காரரா?"

நான் பயந்து செத்த அந்தப் பத்து முகங்களில், அவளைத் தவிர ஒருவருக்கும் நான் மாப்பிள்ளை என்றே தெரியாது!

"இன்னும் ஒண்ணும் முடிவாகல, நானா" என்று சொல்லிவிட்டு அவள் இரண்டாவது லட்டை எடுத்தாள்.

அடுத்த வைகாசியில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. நானா சோறாக்கும் மின்சட்டி ஒன்றும், அதற்குள் ஒரு விசிலும் வைத்துத் தந்தார். அந்த விசில் எங்கள் குசினியில், அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் போதும், அது என் கைக்கு வந்துவிடும். பல்வலியை மறைத்துத் திரிந்த அம்மாகூட ஒரு நாள் மூன்று தடவை ஊதிவிட்டு அழுதார். மொத்தத்தில் எங்கள் வீட்டில் மூன்று தடவை ஊதினால் உண்மை, ஒரு தடவை ஊதினால் பச்சைப் பொய்.

ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? இப்போதும் சோறு பரிமாறும்போது இடைக்கிடை கேட்டுப் பார்ப்பேன்: "உண்மையச் சொல்லு. அன்னைக்கு என்னைச் சோதிச்சுப் பாக்கத்தானே கூப்பிட்ட?"

"ச்சே, சும்மாதான் கூப்பிட்டேன்" என்கிறாள் யோகராணி. பிறகு ஆணியிலிருந்து விசிலை எடுத்து, என்னைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே, ஒரே ஒரு தடவை ஊதுகிறாள்.