தாத்தா கல்லறையில் ஒரு துப்பாக்கி

நீடாமங்கலம்,
அக்டோபர் 24

மரியே வாழ்க!

பெருமதிப்பிற்குரிய அக்னஸ் அத்தை அவர்களுக்கு, மறைந்த உங்கள் தம்பியின் இன்னும் மறையாத ஒரே மகன் ஆண்டனி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் ஜெனித்தும் சுகம். உரக்கடையும் சுகம். என் மானம் மட்டும் கவலைக்கிடம். போனில் சொல்லலாம்தான், ஆனால் உங்கள் பேத்தி அனிட்டா ஸ்பீக்கரில் போட்டால்தான் உங்களுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்டால் திருச்சியில் அந்தத் தெருவுக்கே கேட்கும். ஆகவே கடிதம். தனியாகப் படித்துவிட்டுக் கிழித்துப்போடுங்கள்.

வருகிற இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, நம் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் உங்கள் அப்பா சிங்கராயர் கல்லறையில் புதுக் கல் பதிக்கிறது அல்லவா, அதற்கு முழுக் காரணம் என் வாய். 1942-ல் பாட்டி வைத்த மீன் குழம்பில் உப்பில்லை என்று தாத்தா சொல்ல, "அப்ப நீங்களே ஆக்கித் தின்னுங்க" என்று பாட்டி சொல்ல, மனிதர் கையைக் கழுவிக்கொண்டு நேரே ஜங்ஷனுக்கு நடந்து, அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் பெயரைக் கொடுத்துவிட்டார். நீங்கள் அப்போது தொட்டிலில். இதுவரை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. இதற்கு மேல்தான் என் கைவரிசை. யூரியா வாங்க வந்தவர்களிடமெல்லாம் நான் தாத்தாவைப் பர்மா போர்முனைக்கு அனுப்பிவைத்தேன். குறுவையில் நாலு பேராக இருந்த எதிரிகள் சம்பாவுக்குள் நெற்பயிர் போலத் தூர் கட்டி நாற்பது பேராகிவிட்டார்கள். கல் வேலை செய்யும் அறிவுச்செல்வன், 'பகைவரை வீழ்த்திய பர்மா வீரர்' என்று எழுதி மேலே ஒரு துப்பாக்கியும் செதுக்கிவிட்டான். துப்பாக்கி கொஞ்சம் பூச்சிமருந்து அடிக்கும் விசைத்தெளிப்பான் மாதிரி இருக்கிறது. மாதிரிக்கு என் கடையில்தான் எதையோ பார்த்திருக்கிறான்.

இந்த இடத்தில் சங்கத் தலைவர் சுபேதார் கோவிந்தராசு நுழைகிறார். ரிட்டயர் ஆகி இருபது வருஷமாகியும் மீசை ரிட்டயர் ஆகவில்லை. தினமும் காலையில் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "ஆண்டனி, ஒங்க தாத்தாவுக்குப் பட்டாளத்துல குடுத்த டிஸ்சார்ஜ் புக் என்னாச்சு? பேப்பரப் பாக்காம நான் சல்யூட் அடிக்க மாட்டேன், ஆமா" என்கிறார். சரி, தேடுவோம் என்று சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றினால், பின்னால் பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கிறது புத்தகம். ஜெனித் வாங்கி வாசித்தாள்.

"அப்பா, வேலைங்கற இடத்துல 'குக்'குன்னு போட்டிருக்கு."

"அது ஏதாச்சும் ரகசியக் குறியா இருக்கும்மா. நல்லாப் பாரு."

"இருநூறு பேருக்குச் சப்பாத்தி போடுறதுல வல்லவர்னும் எழுதியிருக்கு. அதுவும் ரகசியமா?"

நாலு வருஷமும் ஜபல்பூராம் அத்தை! பர்மாவை மேப்பில்கூடப் பார்த்திருக்க மாட்டார். நீங்களே ஆக்கித் தின்னுங்க என்றதற்குக் கோபித்துக்கொண்டு போனவரை, நீயே ஆக்கு, இருநூறு பேருக்கு ஆக்கு என்று உட்கார வைத்திருக்கிறார்கள். சோறு தவிர மற்றதெல்லாம் பலகாரம் என்று நினைக்கும் நம் ஊரிலிருந்து போய்ச் சப்பாத்தியில் வல்லவர்! திரும்பி வந்தபின் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் தானாக மொண்டு குடித்ததுண்டா? பாட்டிக்குத் தெரிந்தால் அடுப்படியில் நிறுத்திவிடுவாள் என்றுதான் அந்தப் புத்தகத்தை ஆண்டவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார்; பாட்டி அந்தப் படத்தின் முன்னால் முழங்காலிட்டுத் தினம் ஜெபமாலை சொல்லியிருக்கிறாள்.

எனக்கு மானம் போனால் பரவாயில்லை, பழக்கம்தான். அப்பா துப்பாக்கி பிடித்தார் என்று எண்பத்து நாலு வயது வரை நம்பிக்கொண்டிருக்கும் உங்கள் மனசு என்னாகும் என்பதுதான் என் பயம். அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். புத்தகம் உங்களிடம் இருப்பதாகச் சுபேதாரிடம் சொல்லிவிட்டேன். அவர் போன் செய்தால், கறையான் அரித்துவிட்டது என்று ஒரே ஒரு பொய் சொல்லுங்கள். மற்ற பொய்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அனிட்டாவுக்கு அன்பு. மழை பிடிக்கும் முன் உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஜெபத்தில் என் நாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் கீழ்ப்படியும் (இந்த ஒரு விஷயம் தவிர),
மருமகன் ஆண்டனி

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அறிவுச்செல்வன் வந்து நின்றான். "அண்ணே, துப்பாக்கியக் கரண்டியா மாத்தச் சொன்னாங்களே, குழிக்கரண்டியா, தோசைக்கரண்டியா?" யாருய்யா சொன்னது என்றால், "ஒங்க அத்தைதான். சுபேதார் நேத்தே போன் போட்டாராம், அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாம். அவரு ரெண்டு சல்யூட்டா அடிக்கிறேன்னுட்டாரு." உடனே உங்களுக்குப் போன் போட்டேன், நீங்கள் சொன்னதைத் தெருவோடு சேர்ந்து நானும் கேட்டேன். இரண்டாம் தேதி கல்லறையில் நான் பேசப்போவது அது மட்டும்தான். தப்பிருந்தால் திருத்தி அனுப்புங்கள்:

"போடா, எனக்கு எப்பவோ தெரியும். அம்மா கடைசியாப் படுத்துக் கெடந்தப்ப மூணு மாசம் அப்பாதான் ஆக்கிப் போட்டாரு. மொத நாளு மீன் கொழம்பு. ஒரு வாய் வாங்கிட்டு அம்மா, 'உப்பில்ல'ன்னா. அப்பா விருட்டுன்னு எந்திரிச்சாரு. போச்சு, மறுபடி ஜங்ஷனுக்குக் கெளம்பிட்டாருன்னு நெனச்சேன். அடுப்படிக்குப் போயி உப்பு ஜாடிய எடுத்துட்டு வந்தாரு."