மீதி வராத கணக்கு

"ஏழு மீதி வருது, அலமேலு!" என்று கத்தினார் வைரவன்.

மலாக்காவில் ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்ப்பவர் அவர். மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தின மாதம் டைபாய்டில் படுத்தபோது, பிழைத்தால் 1,11,111 தடவை 'முருகா' எழுதித் தைப்பூசத்தில் சமர்ப்பிப்பதாக மனைவி வேண்டிக்கொண்டாள். எழுதுகிற எல்லாருக்கும் சமபங்கு. ஒன்றுகூட மீதி இருக்கக் கூடாது. இருந்தால் காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்பது வைரவன் தாமாகச் சேர்த்துக்கொண்ட பயம்.

"இப்படியொரு நம்பரை எங்க புடிச்ச?"

"எல்லாம் ஒன்னா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேங்க."

வீட்டில் ஏழு பேர். தலைக்கு 15,873 என்று கச்சிதமாக வகுபட்டது. மார்கழி முதல் தேதி ஆரம்பிப்பதாக ஏற்பாடு. அதற்குள் எதிர்வீட்டு அஞ்சலை வந்து தானும் எழுதுவேன் என்றாள். அலமேலு உடனே அவள் கையில் காப்புக் கட்டிவிட்டாள். கட்டிய காப்பை வேண்டுதல் முடியாமல் அவிழ்க்க முடியாது. இப்போது எட்டுப் பேர், ஏழு மீதி.

"இன்னொரு ஆளச் சேத்தா சரியாப் போயிரும்" என்று ஆபீஸ் நண்பர் நடராஜனை இழுத்துவந்தார் வைரவன். ஒன்பது பேர், தலைக்கு 12,345. என்ன அழகான எண்! ஆனால் ஆறு மீதி.

நடராஜனின் மனைவியையும் சேர்த்தார். மீதி ஒன்று.

"ஒன்னுதானே? அத நானே எழுதிடறேன்" என்றார் நடராஜன்.

"உங்களுக்கு மட்டும் ஒன்னு கூடினா அது சமபங்கா?"

பால்காரர் சுப்பையனைக் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்தார். பதினோரு பேர், தலைக்கு 10,101. மீதி இல்லை! வைரவன் பென்சிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அஞ்சலையின் மாமியார் புக்கிட் பாருவிலிருந்து வந்து இறங்கினார். "மருமகளுக்கு மட்டுந்தான் புண்ணியமா?" என்று கையை நீட்டினார். அலமேலு கட்டிவிட்டாள். பன்னிரண்டு பேர். மீதி மூன்று.

"யாரக் கேட்டுக் கட்டின?"

"பெரியவங்க கைய நீட்டினா வேணாம்னு சொல்றதா?"

பதின்மூன்று பேர் என்றால் தலைக்கு 8,547, சரியாக வரும். இன்னும் ஒரே ஆள். ஆனால் விஷயம் அவர்கள் குடியிருந்த காஜா பெராங் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துத் தெருவில் மலாய் பேசும் மலாக்காச் செட்டிமாருக்குப் பக்தி நிறைய உண்டு, தமிழ் எழுத வராது. ஜாலான் பெண்டஹாரா ஜவுளிக்கடைப் பொன்னுதுரை இவரைக் கண்டதும் அடிபட்டதுபோல் கையில் கட்டுப் போட்டுக்கொண்டார்.

"தெங்கேராவுல ஒருத்தர் இருக்காரே" என்றாள் அலமேலு மெதுவாக.

வைரவனுக்கு முகம் சிவந்தது. தெங்கேராவில் இருப்பது தம்பி முத்தையா. நாலு வருஷத்துக்கு முன் அவன் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயர் விட்டுப்போயிற்று. அச்சாபீஸ் தப்பு என்று தம்பி சொன்னதை வைரவன் நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

"அவன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!"

மறுநாள் காலை நெற்றி லேசாகச் சுட்டது. ஆள் தேடி வெயிலில் அலைந்த சூடுதான். ஆனாலும் வைரவன் வெலவெலத்துப்போய்ச் சைக்கிளை எடுத்தார்.

கதவைத் திறந்தது முத்தையாவேதான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. இத்தனை நாள் இவனைப் பார்க்காமல் எப்படி இருந்தோம் என்று நினைத்துக்கொண்டார் வைரவன்.

"அண்ணே" என்றான் தம்பி.

"கணக்குல ஒரு ஆள் கொறையுதுடா. எட்டாயிரத்து ஐந்நூத்தி நாப்பத்தேழு 'முருகா' எழுதணும். நாளைக்கே ஆரம்பிக்கணும். முடியுமா?"

முத்தையா தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி நாகம்மை உள்ளே போய், காப்பியோடு ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களையும் கொண்டுவந்து வைத்தாள்.

"அத இவரு தீபாவளிக்கே எழுதி முடிச்சிட்டாரே, மாமா! பதிமூணாவது ஆளு இவருதான்னு அலமேலு அக்கா அப்பவே சொல்லிட்டாங்க."